போகும் இடம் சொல்லவில்லை

மேலச்சுரைக்குண்டு ஊராட்சித் தலைவி செண்பகவடிவு தன் வாயால் போகச் சொல்லி ஓணான் பொட்டலைக் காலிசெய்தது ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பொட்டலில் இருந்ததெல்லாம் எழுந்து ஊருக்குள் வந்து சேர்ந்தது அந்த வாரத்து வெள்ளிக்கிழமை. இடையில் இருந்த நாட்களில் அவளுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை என்றால், அதற்குக் காரணம் பேட்டரித் தொழிற்சாலை ஊருக்கு வருமா வராதா என்ற கவலை இல்லை. அந்தப் பொட்டலில் எங்கேயோ ஓரிடத்தில், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பதினொரு நாள் மட்டுமே உயிரோடு இருந்த அவளுடைய தலைப்பிள்ளையைப் புதைத்திருந்தார்கள். எந்த இடம் என்று அவளுக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்தில் பல் முளைக்காத பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தகப்பன் ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போவான், ஒரு மரத்தடியாகப் பார்த்துக் குழி தோண்டுவான், கிணற்றில் தலைமுழுகிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவான். பெற்றவள் கூடப் போகக் கூடாது, இடத்தைக் கேட்கவும் கூடாது. செண்பகவடிவு கேட்டாள். முதல் வருஷத்தில் மூன்று தடவை கேட்டாள். அவள் புருஷன் குருவையா மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னார்: "தெரிஞ்சா நீ அங்கயே போய்க் கிடப்ப வடிவு." அது உண்மை என்று அவளுக்கும் தெரிந்ததால் நாலாவது தடவை கேட்கவில்லை.

தொழிற்சாலைக்கு இடம் தேடி வந்த குழு மூன்று இடங்களைப் பார்த்திருந்தது. ஒன்று கடலோரத்து உப்பு மண். அதை முதல் நாளே கழித்துவிட்டார்கள். இரண்டாவது பக்கத்து ஊரான நத்தக்காடு. அங்கே நாலுவழிச் சாலை இருந்தது, வந்தவர்களுக்கு இளநீரும் மாலையும் இருந்தன, வருங்கால மின்வாகனங்களின் தாயகமே என்று எழுதிய பதாகையும் இருந்தது. மூன்றாவது ஓணான் பொட்டல். ஓணானும் உடைமரமும் பனையும் தவிர வேறொன்றும் விளையாத நானூறு ஏக்கர் மண்ணுக்கு இப்படி ஒரு யோகம் வரும் என்று யாரும் நினைத்ததில்லை. வந்துவிட்ட பிறகோ, வேறு எதையும் யாராலும் நினைக்க முடியவில்லை. ஏனென்றால் மேலச்சுரைக்குண்டில் இருபது வயதுப் பெண் ஒருத்தியைக்கூடப் பார்க்க முடியாது. எழுபத்துமூன்று பெண்கள் வெளியூர்க் கம்பெனி விடுதிகளில் இருந்தார்கள். மாட்டுப்பொங்கலுக்கு வந்து, முகம் பழகுவதற்குள் வேன் ஏறிப் போனார்கள். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் வாசலில் கோலம் போடக்கூட ஆளில்லை. செண்பகவடிவின் இரண்டாவது மகள் நிறைமதியும் அந்த எழுபத்துமூன்றில் ஒருத்தி. போன் கம்பெனியில் இது அவளுக்கு மூன்றாம் வருஷம். தொழிற்சாலை இங்கே வந்தால் அவள் வீட்டில் படுத்து எழுந்து வேலைக்குப் போகலாம் என்பதுதான் செண்பகவடிவு தேர்தலில் நின்றதற்கே காரணம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பாதி கேலி, பாதி நிஜம்.

குழு நீட்டிய தாளில் மரங்கள் எத்தனை, கட்டடங்கள் எத்தனை, நீர்நிலை உண்டா, இடுகாடு உண்டா என்று கேட்டிருந்தது. கடைசிக் கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் செண்பகவடிவு. அரசாங்கத்துக் கணக்கில் அது சரியான பதில்தான். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, குளிக்கிற நேரமாக இல்லாதபோதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

மண்ணைக் கொத்துவதற்கு முன்னால், மரத்தை வெட்டுவதற்கு முன்னால், அங்கே குடியிருக்கிறவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. பொங்கல் வைத்து, சூடம் கொளுத்தி, ஊருக்குத் தலையாக இருப்பவர் நின்று சொல்ல வேண்டும்: எங்களுக்கு இந்த இடம் வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாமல் எழுந்து இன்ன இடத்துக்குப் போங்கள் என்று. அந்த 'இன்ன இட'த்தில்தான் சிக்கல் வந்தது. கண்மாய்க்கரைக்கு அனுப்பலாம் என்றால் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் பாம்பும் தேளும் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். தெற்கே அனுப்பினால் நத்தக்காட்டு எல்லை. அவர்களோடு ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லை. கிழக்கே ரயில் தண்டவாளம். மேற்கே புஞ்சை வைத்திருந்தவர்கள் எழுந்து நின்று, எங்கள் பக்கம் ஒரு எறும்பு வந்தாலும் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஊர்க்கூட்டம் ஒரு பகல் முழுவதும் நடந்தது. பொட்டலில் இருப்பது போக வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே சொல்லாக இருந்தார்கள், தன் பக்கம் வரக் கூடாது என்பதிலும் எல்லாரும் ஒரே சொல்லாக இருந்தார்கள். கடைசியில் டீக்கடை வைத்திருக்கும் வார்டு உறுப்பினர் கிட்ணசாமிதான் வழி சொன்னார்.

"போங்கன்னு மட்டும் சொல்லுங்க மதினி. அதுகளுக்குத் தெரியாதாக்கும் போக்கிடம்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். செண்பகவடிவும் ஆட்டினாள். எவ்வளவு பெரிய தப்பைச் செய்கிறோம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, பசி வேறு.

செவ்வாய்க்கிழமை காலையில் பொட்டலின் வடக்கு ஓரத்தில் பொங்கல் பொங்கியது. செண்பகவடிவு தலையில் முக்காடு போட்டு நின்று சொன்னாள்: "இந்த மண்ணுல குடியிருக்கிற பூச்சி பொட்டு, பறவை பட்சி, ஊர்றது நடக்கிறது, வேர்விட்டு நிக்கிறது, கண்ணுக்குத் தெரிஞ்சவுக, தெரியாதவுக, எல்லாரும் எந்திரிச்சுப் போங்க. எங்க பிள்ளைக பிழைப்புக்கு இந்த இடம் வேணும். மனசு கோணாமப் போங்க." தெரியாதவுக என்ற இடத்தில் அவள் நாக்கு ஒட்டிக்கொண்டது. என் பிள்ளை மட்டும் இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்தச் சொற்களுக்குள் விலக்குச் சொல்ல இடம் இல்லை, ஊரே பின்னால் நிற்கிறது, தலைவி தன் பிள்ளைக்கு மட்டும் சலுகை கேட்டாள் என்று நாளைக்குப் பேச்சு வரும். முழுசாகச் சொல்லி முடித்தாள்.

புதனும் வியாழனும் ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பஸ் வரும் நேரத்தில் முதலில் எறும்புகள் வந்தன. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு, தார்ச்சாலையின் இடது ஓரமாக, ஒன்றையொன்று முந்தாமல் வந்தன. அவற்றுக்குப் பின்னால் ஓணான்கள், உடும்புகள், காடைகள், கவுதாரிகள், முயல்கள், இருபுறமும் மரியாதையான தூரம் விட்டுப் பாம்புகள். அதற்கும் பின்னால் உடைமரங்கள், வேலிமரங்கள், நாலு வேம்புகள், சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்து நடக்கிற பெண்களைப்போல வேர்களைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு நடந்து வந்தன. பனைகள் இருபத்தாறும் கடைசியில் வந்தன; வயதானவை, அதனால் நின்று நின்று வந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால், பொட்டலில் மிஞ்சியிருந்த கானல், வெயில் ஏறுவதற்கு முன்பே மினுங்கிக்கொண்டு, தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, பனைகள் திரும்பும் முக்கில் நின்றுகொண்டு, "வரலாம், வரலாம், ஒயர் இருக்கு பாத்து" என்று வழி சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் இன்றைக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிடும் என்று அலுத்துக்கொண்டார்கள்.

போகச் சொன்னவர்கள் போகும் இடம் சொல்லவில்லை. இடம் சொல்லாமல் எழுப்பினால், எழுப்பியவர் வீட்டுக்குத்தானே வர முடியும். இது ஊருக்கு உடனே விளங்கிவிட்டது, விளங்கியபின் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வெட்டலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. நாமதானே எழுப்பினோம் என்று மறு பேச்சு வந்ததும் முதல் பேச்சு அடங்கிப்போனது. அன்று மாலைக்குள் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து இடம் ஒதுக்கினார்கள். பனைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம்; அவற்றில் இரண்டு மட்டும் ரேஷன் கடை வாசலை விட்டு நகர மாட்டோம் என்று நின்றுவிட்டதால் கடையை நூலகத்துக்கு மாற்றினார்கள். உடைமரங்கள் தெருவின் இருபுறமும் நின்றன. முள் வீட்டுக்குள் வந்தது. மேலச்சுரைக்குண்டு மக்கள் வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டு நடக்கப் பழகினார்கள். பாம்புகளுக்கு இடிந்த பால்வாடிக் கட்டடம் கிடைத்தது, அந்தப் பக்கம் போகும்போது கைதட்டிவிட்டுப் போக வேண்டும் என்று டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கூட்டுறவுச் சங்கச் செயலாளரின் நாற்காலியில் புற்று உட்கார்ந்தது, அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மின்வாரிய லைன்மேன் வந்து, கம்பிகளை மரங்களுக்கு மேலாக இழுத்துக் கட்டிவிட்டு, இன்னும் யாராவது வர வேண்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கானலைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அது காலை பத்து மணிக்கு நடுத்தெருவில் படுக்கும், நாலு மணிக்கு எழுந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பதுபோல இருக்கும். வெளியூர்க்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கால் நனையாமல் நடந்து, வெட்கப்பட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் பழகிவிட்டார்கள். மதியத்தில் அதன் கரையில் கட்டிலைப் போட்டுப் படுத்தார்கள். குளிர்ச்சி இல்லாவிட்டாலும் தண்ணீர் ஓரத்தில் படுத்ததுபோன்ற ஒரு நிம்மதி இருந்தது. வருவாய் ஆய்வாளர் வந்து பார்த்து, தன் பதிவேட்டில் 'தாமாகவே இடம்பெயர்ந்தவை' என்று புதிதாக ஒரு பத்தி கோடு போட்டு எழுதிக்கொண்டார்.

வந்தவை கண்ணுக்குத் தெரிந்தவை மட்டுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை செண்பகவடிவு வாசலில் உடைமுள்ளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மார்பு கனத்தது. குனிந்து பார்த்தாள். ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. அவளுக்கு நாற்பத்தேழு வயது. துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய், பீரோவிலிருந்து நூல்சேலை ஒன்றை எடுத்து, உத்திரத்துக் கொக்கியில் தொட்டில் கட்டினாள். கட்டி முடித்ததும் தொட்டில் ஒரு மூன்று கிலோவுக்கும் குறைவான கனத்துக்குத் தாழ்ந்தது. தாழ்ந்து, லேசாக ஆடியது. உள்ளே எட்டிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. கையை விட்டுத் தூக்கினாள், தூக்க முடிந்தது. கழுத்து நிற்காத பிள்ளையை எப்படித் தூக்க வேண்டும் என்று கைக்கு நினைவிருந்தது. வசம்பும் பாலும் கலந்த வாடை வந்தது. நெஞ்சோடு வைத்ததும் மார்புக் கனம் மெள்ளக் குறைந்தது.

வாசலில் குருவையா வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு வந்து, கைகளை நீட்டினார். அவள் கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் எடுத்துக்கொண்டு போனதைவிடக் கொஞ்சம்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று அவருடைய கைகள் சொல்லியிருக்க வேண்டும், மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

அப்படி மூன்று வீடுகளில் நடந்தது. முத்திருளாயி என்ற அறுபத்துமூன்று வயதுக்காரிக்கு, நாற்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் இருந்த ஆண்பிள்ளை வந்தது. சுகந்தி என்ற இருபத்தாறு வயதுக்காரிக்குப் போன ஆடியில் தவறிய பெண்பிள்ளை வந்தது. ஊர்ப்பெண்கள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே, பால் ஊறுவதற்குப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பூண்டுக்குழம்பும் சுறாப்புட்டும் கருவாடும் மூன்று வீட்டு வாசலுக்கும் தூக்குச்சட்டியில் வந்தன. "பச்ச உடம்பு, வெயில்ல நிக்காதீக" என்று அறுபத்துமூன்று வயது முத்திருளாயியையும் அதட்டினார்கள். ஊராட்சிக் கூட்டத்துக்குச் செண்பகவடிவு மடியில் ஒரு துணியோடு வந்து உட்கார்ந்தாள், நடுவில் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள், உறுப்பினர்கள் அப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு குடிநீர்க் குழாய் பற்றிப் பேசினார்கள். அவள் சந்தோஷமாக இருந்தாள். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நாற்பத்தேழு வயதில் ஒரு பெண் எவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியுமோ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

மாசியில் குழு மறுபடியும் வந்தது. நில எடுப்பு அதிகாரி சவரிநாயகம் பொட்டலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு புல் இல்லை, ஒரு எறும்பு இல்லை, வெயில் விழுந்தாலும் மினுங்கவில்லை. "என் சர்வீஸ்ல இப்படித் துடைச்சு வச்ச மாதிரி இடம் பாத்ததே இல்லம்மா" என்றார். கம்பெனி அனுப்பிய மண் பொறியாளர் ரெஹானா இரும்பு முளையை எடுத்து மண்ணில் நட்டாள். முப்பது வயது இருக்கும் அவளுக்கு. மண்ணைத் தவிர வேறெதையும் நம்பாத முகம். முளை சாய்ந்து விழுந்தது. சம்மட்டியால் மூன்றடி ஆழத்துக்கு அடித்தாள். கையை எடுத்ததும் சத்தமில்லாமல் சாய்ந்து விழுந்தது. வேறு இடத்தில் அடித்தாள், அங்கேயும் விழுந்தது. ஆயிரம் அடிக்குத் துளை போட்டுப் பார்த்தார்கள். புழுதி வந்தது, தண்ணீர் வாடையே இல்லை. மூன்று நாள் இப்படிப் பார்த்துவிட்டு அவள் செண்பகவடிவின் வீட்டுக்கே வந்தாள்.

"தலைவரம்மா, மறைச்சுப் பேசத் தெரியாது எனக்கு. மண்ணுல பிடிமானமே இல்ல. இது மேல மிஷினை வச்சா ஒரு பக்கமா சாஞ்சிரும். வர்ற வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் குடுக்கணும். இப்படியே இருந்தா நத்தக்காடுன்னுதான் எழுதுவேன்."

"தாயி, அங்க இருந்த எல்லாத்தையும் போகச் சொல்லிட்டோம்" என்றாள் செண்பகவடிவு. "பிடிமானமும் போயிருச்சு போல."

ரெஹானா தொட்டிலைப் பார்த்தாள். அது தானாக ஆடுவதையும் பார்த்தாள். கொடுத்த காபியை நின்றபடி குடித்துவிட்டுப் போனாள்.

ஊர் ஒரு சோதனை செய்து பார்த்தது. கிட்ணசாமியின் கடைக்கு எதிரே மூணுகிளை என்று பேர்பெற்ற உடைமரம் ஒன்று நின்றது. பொட்டலில் இருந்த காலத்திலேயே ஆடு மேய்ப்பவர்கள் அதற்கு வைத்த பேர். இந்தத் தடவை இடம் சொல்லாத தப்பைச் செய்யக் கூடாது என்று, பேரையும் இடத்தையும் சேர்த்துச் சொன்னார்கள்: "ஏ மூணுகிளை, பொட்டலோட வடக்கு முக்குல போய் இரு." மரம் போய் நின்றது. அதன் பக்கத்தில் நட்ட முளை அசையாமல் நின்றது, துளையில் ஈரம் தட்டியது. ஆனால் மேலே மரம் நின்றால் கட்டடம் எழும்புவது எப்படி? பேர் சொல்லித் திரும்பக் கூப்பிட்டார்கள். மூணுகிளை எழுந்து கடைக்கு வந்தது. பொட்டலில் முளை விழுந்தது.

ஊருக்குப் புரிந்துவிட்டது. பொட்டலில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும். மேலே நிற்கிறவராக இருக்கக் கூடாது, ஓடித் திரிகிறவராகவும் இருக்கக் கூடாது. கட்டடத்துக்கு இடைஞ்சல் இல்லாமல், நாலடி ஆழத்தில், அசையாமல் இருக்கிறவர் ஒருவர் போதும். அப்படி இருந்து பழகியவர்கள் மூன்று பேர்தான் ஊரில் இருந்தார்கள். மூன்று பேரும் தொட்டிலில் இருந்தார்கள்.

அன்றைய ஊர்க்கூட்டத்தில் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுபத்துமூன்று பெண்களின் தாய்மாரும் தகப்பன்மாரும் வந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தார்கள். முத்திருளாயிதான் முதலில் பேசினாள். "நான் குடுக்க மாட்டேன். நாப்பது வருசம் கழிச்சு வந்திருக்கான். என்னைய ஊரவிட்டுத் தள்ளி வச்சாலும் சரி." யாரும் அவளைக் குறைசொல்லவில்லை. சுகந்தி கூட்டத்துக்கே வரவில்லை; கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

"சுகந்திகிட்ட யாரும் போய்க் கேக்கக் கூடாது" என்றாள் செண்பகவடிவு. "முத்திருளாயி மதினிகிட்டயும் கேக்கக் கூடாது. கேட்டா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"அப்ப நத்தக்காட்டுக்கே போகட்டும் மதினி" என்றார் கிட்ணசாமி. அவருடைய இரண்டு பெண்களும் விடுதியில்தான் இருந்தார்கள். அவர் அதை மனசறிந்துதான் சொன்னார். அதனாலேயே அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் நிறைமதிக்குப் போன் போட்டாள். சாப்பாட்டு இடைவேளை, இருபது நிமிஷம். நடந்ததெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும், வாரத்தில் மூன்று நாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"நீ இங்க வந்துருவேல்ல மதி? கம்பெனி வந்தா வந்துருவேல்ல?"

அந்தப் பக்கம் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம் கேட்டது. "வருவேன்னும் சொல்ல முடியாது, வர மாட்டேன்னும் சொல்ல முடியாதும்மா. என்னைய வச்சு முடிவெடுக்காதீங்க. அது என்மேல பாரமாகிரும்." பிறகு கேட்டாள், "அக்கா எப்படி இருக்கா?"

பதினொரு நாள் பிள்ளையை இருபது வயதுக்காரி அக்கா என்று கேட்டதும் செண்பகவடிவு தொட்டில் பக்கம் திரும்பினாள். "பால் குடிச்சுட்டுத் தூங்குறா."

"அவளப் பேர் சொல்லித்தான அனுப்பணும்? அவளுக்குத்தான் பேரே இல்லையே."

இல்லைதான். பதினாறாம் நாள் வைப்பதாக எடுத்து வைத்திருந்த பேர்தான் நிறைமதி. வைக்காமலே அவள் போய்விட்டதால், இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவளுக்கு அதையே வைத்தார்கள்.

"என் பேரை அவளுக்கே குடுத்துருங்கம்மா" என்றாள் நிறைமதி. "அவளுக்கு எடுத்து வச்சதுதான. இங்க யாரும் என்னையப் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல. நம்பர்தான். நாலாயிரத்து நூத்திப் பதினாறு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மணி அடித்துவிட்டது.

வியாழக்கிழமை காலை செண்பகவடிவு பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினாள். கண்ணுக்குத் தெரியாத உடம்பின்மேல் தண்ணீர் வழிந்து இறங்கும்போது ஒரு கணம் தோளும் முதுகும் தெரிந்தன, அவற்றை அவள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். வயிறு நிறையப் பால் கொடுத்தாள். சாம்பிராணி காட்டி, புதுத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். பெற்றவள் போகக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. மரங்கள் இரண்டு பக்கமும் விலகி நின்றன, கானல் எழுந்து ஓரமாகப் போனது. முத்திருளாயியின் வீட்டுக்குள் தொட்டில் ஆடும் கிறீச்சுச் சத்தம் கேட்டது, செண்பகவடிவு அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் வீட்டுக்கே போயிருப்பாள்.

பொட்டலுக்கு வந்ததும் குருவையா முன்னால் நடந்தார். பத்தடி நடந்தார், நின்றார், வலது பக்கம் போனார், திரும்பி வந்தார். பிறகு அங்கேயே குந்தி உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"எந்த இடம்னு தெரியல வடிவு. மரமெல்லாம் போயிருச்சுன்னு சொல்லலாம், அது பொய். அன்னைக்கே தெரியல எனக்கு. அழுதுக்கிட்டே எங்கயோ வச்சுட்டு வந்தேன். நீ கேட்டப்பல்லாம் அதான் சொல்லல."

இருபத்திரண்டு வருஷமாக அவர் ஒரு இடத்தைத் தன்னிடம் மறைத்துவைத்திருக்கிறார் என்று அவள் கோபித்திருந்தாள். அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியாமல் போனது. அவர் தலையில் கைவைத்து, "எந்திரிங்க, நான் பாக்குறேன்" என்றாள்.

அரசாங்கமும் கம்பெனியும் ஒரு வருஷமாக வரைபடம் வைத்துப் பார்த்த இடத்தை அவள் அரைமணி நேரம் நடந்து பார்த்தாள். சவரிநாயகமும் ரெஹானாவும் தூரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். வடக்கு ஓரம் லாரிகள் போகும் வழி, சத்தமாக இருக்கும். தெற்கே நத்தக்காட்டு எல்லை, சண்டைச் சத்தம் கேட்கும். மேற்கே வெயில். நடுவில் கொஞ்சம் கிழக்காக ஓரிடத்தில், தோளில் இருந்த கனம் தூக்கத்தில் பெருமூச்சு விட்டதுபோல இளகியது. அங்கேயே உட்கார்ந்து, யாரிடமும் மண்வெட்டியைக் கொடுக்காமல், தானே தோண்டினாள். பிடிமானமற்ற மண் வழி விட்டுக் கொடுத்தது.

"நிறைமதி" என்றாள். தன் தலைப்பிள்ளையை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நிறைமதி, ஓணான் பொட்டல்ல, இந்த இடத்துல இரு கண்ணு. அம்மா கூப்பிடுற வரைக்கும் எந்திரிக்காத."

குழிக்குள் வைத்த துணி மெள்ளத் தட்டையானது. மண்ணைத் தள்ளி மூடினாள். ரெஹானா வந்து முளையை நீட்டினாள், செண்பகவடிவு அதை வாங்கித் தன் கையாலேயே நட்டாள். நின்றது. ரெஹானா இன்னொரு முளையை ஐம்பது கெஜம் தள்ளி நட்டாள், அதுவும் நின்றது. நானூறு ஏக்கரிலும் எங்கே நட்டாலும் நின்றது. அன்று மாலை துளையில் தண்ணீர் வந்தது. ஆனால் செண்பகவடிவுக்குப் பால் நிற்கவில்லை. பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியும் நாற்பது நாள் வந்துகொண்டே இருந்தது. அந்த நாற்பது நாளும் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, ஊராட்சிக் கோப்புகளைக் கிட்ணசாமி வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனார்.

இரண்டு வருஷத்தில் தொழிற்சாலை எழும்பியது. வெள்ளை நிறத்தில், ஜன்னல் இல்லாமல், பொட்டலின் நீளத்துக்கு நீளமாக இருந்தது. நடுவில் கொஞ்சம் கிழக்காக இருந்த இடத்துக்கு மேலே எந்த மிஷின் நின்றது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. விடுதிகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. தொழிற்சாலை திறந்து இரண்டாவது ஆடியில் நிறைமதியும் பெட்டியோடு வந்து இறங்கினாள், எதற்காக வந்தாள் என்று சொல்லவில்லை.

வீட்டில் செண்பகவடிவு அவளை 'இந்தா' என்பாள், 'ஏ புள்ள' என்பாள். ஊரும் மதி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டது. அந்தப் பேரை வாய்விட்டுக் கூப்பிட வேண்டாம் என்று புதிதாக வரும் அதிகாரிகளுக்கு முதல் நாளே கிட்ணசாமி சொல்லிவைத்துவிடுவார். முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு விடும். அந்த நேரத்துக்குச் செண்பகவடிவு குடையை விரித்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு எதிரே போய் நிற்பாள். கேட்டுக்குள்ளிருந்து ஒரே மாதிரி நீலச் சட்டையும் ஒரே மாதிரித் தொப்பியுமாக நூற்றுக்கணக்கான பெண்கள் வருவார்கள், யார் யாரென்று தெரியாது. மற்ற தாய்மார்கள் அவரவர் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவளுக்கும் கூப்பிட வேண்டும்போல இருக்கும். அந்தப் பேர் நாக்கின் நுனிவரை வந்து நிற்கும். கூப்பிட்டால் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். அதனால் வாயை இறுக மூடிக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி தானாகத் தன்னைப் பார்க்கும் வரைக்கும் வெயிலில் நின்றுகொண்டிருப்பாள்.